தேடியபோது காலி, மறுவாரம் வேறொருவர் கையில்: இணைய முகவரிப் பெயர்கள் நழுவும் விதம்

வெள்ளிக்கிழமை இரவு தேடிப் பார்த்தபோது அந்தப் பெயர் காலியாகத்தான் இருந்தது. செயலவைக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பதியலாம், பொருளாளரின் வங்கி அட்டையும் வரட்டும் என்று விட்டுவைத்தார்கள். கூட்டம் முடிந்து, அட்டையும் கிடைத்து, மறுபடி போய்ப் பார்த்தால் பெயரை யாரோ எடுத்துவிட்டார்கள். பதாகைக்கும் அழைப்பிதழுக்கும் அச்சகத்தில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

ஆலய நிர்வாகம், முன்னாள் மாணவர் சங்கம், வீட்டிலிருந்தே முறுக்கு, மசாலைத்தூள் விற்கும் குடும்பம், புதிதாகக் கடை திறக்கும் இளைஞர் என்று பலரும் இந்த அனுபவத்தைச் சொல்வதுண்டு. ‘நாம் தேடியதைப் பார்த்துக்கொண்டிருந்து எடுத்துவிட்டார்கள்’ என்ற சந்தேகமும் கூடவே வரும். அந்தச் சந்தேகத்தில் உண்மை எவ்வளவு, பெயர் உண்மையில் எந்த வழியில் போகிறது, போனதை மீட்க என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நம்மவர் கையைவிட்டுப் பெயர் போவதற்குப் பெரும்பாலும் வெளியார் காரணமாக இருப்பதில்லை.

வாங்குவது அல்ல, வாடகைக்கு எடுப்பது

இணைய முகவரிப் பெயரை டொமைன் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். டாட் காம், டாட் மை, டாட் எஸ்ஜி என்று முடியும் அந்தப் பெயரை ‘வாங்கினேன்’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் யாரும் அதை வாங்குவதில்லை. ஓராண்டுக்கோ, டாட் காம் என்றால் அதிகபட்சம் பத்தாண்டுக்கோ, அதைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் பெறுகிறோம். தோட்டத்திலும் பட்டணத்து ஓரத்திலும் வாழ்ந்தவர்களுக்கு டி.ஓ.எல். நிலம் என்றால் உடனே விளங்கும். ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பித்தால்தான் அந்தத் துண்டு நம் கையில் இருக்கும். வீடு கட்டி நாற்பது ஆண்டு ஆனாலும் ரசீது ஒரு முறை தவறினால் தலைவலி தொடங்கிவிடும். டொமைனும் ஏறக்குறைய அதே கதைதான்.

இதில் மூன்று தரப்பினர் இருக்கிறார்கள். மேலே பதிவகம். டாட் காமுக்கு அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம், மலேசியாவின் டாட் மைக்கு மைனிக், சிங்கப்பூரின் டாட் எஸ்ஜிக்கு எஸ்ஜிநிக். நடுவில் பதிவு செய்து தரும் நிறுவனங்கள். கீழே பதிபவராகிய நாம். உலக அளவில் விதிகளை வகுப்பது 1998-இல் அமைக்கப்பட்ட ஐகேன் அமைப்பு.

எல்லாவற்றுக்கும் அடிப்படை விதி ஒன்றுதான். முதலில் வருபவருக்கு முதலில் கிடைக்கும். முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச் 15-ஆம் நாள் பதியப்பட்டது. சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனத்தின் பெயர் அது. அன்று இதற்குக் கட்டணமே கிடையாது. 1995-இல்தான் ஆண்டுக்கு 50 அமெரிக்க டாலர் என்று வசூலிக்கத் தொடங்கினார்கள். இலவசமாக இருந்த காலத்திலேயே பெரிய நிறுவனங்கள் அசட்டையாக இருந்தன. 1994-இல் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர் மெக்டொனால்ட்ஸ் டாட் காம் என்ற பெயர் காலியாக இருப்பதைக் கண்டு தாமே பதிந்துகொண்டு, அதைப் பற்றி எழுதவும் செய்தார். முடிவில் நியூயார்க்கின் புருக்லினில் உள்ள ஒரு பள்ளிக்குக் கணினிச் செலவாக 3,500 டாலர் தரச் செய்துவிட்டுத்தான் பெயரை விட்டுக்கொடுத்தார். உலகம் முழுதும் பர்கர் விற்கும் நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால் முறுக்குக் கடை எம்மாத்திரம்!

தேடினாலே போய்விடுமா?

‘தேடியதை ஒட்டுக்கேட்டு எடுத்துவிட்டார்கள்’ என்ற புகார் வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. ஒரு காலத்தில் அது வெளிப்படையாகவே நடந்தது.

2008 ஜனவரியில் அமெரிக்காவின் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற பதிவு நிறுவனம், தன் தளத்தில் யாராவது ஒரு பெயரைத் தேடினால் உடனே அந்தப் பெயரைத் தன் பேரிலேயே நான்கு நாள் நிறுத்திவைப்பது தெரியவந்தது. தேடியவர் அதே நிறுவனத்தில் பதியலாம், மலிவான வேறு நிறுவனத்துக்குப் போனால் ‘ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது’ என்று காட்டும். வாடிக்கையாளரை மற்றவர்களிடமிருந்து காப்பதற்காகவே இப்படிச் செய்வதாக நிறுவனம் விளக்கம் சொன்னது. கடையில் விலை கேட்ட பொருளை எடுத்து உள்ளே பூட்டிவைத்துவிட்டு ‘உங்களுக்காகத்தான்’ என்று சொல்வது போன்ற விளக்கம் அது. வழக்கும் தொடுக்கப்பட்டது.

இது எப்படிச் சாத்தியமானது என்பதற்கு அன்றைய ஒரு விதி காரணம். டாட் காம் பெயரைப் பதிந்து ஐந்து நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். எழுத்துப் பிழையாகப் பதிந்துவிட்டவர்களுக்காக வைத்த சலுகை அது. ஆனால் சில நிறுவனங்கள் லட்சக்கணக்கான பெயர்களைப் பதிந்து, ஐந்து நாள் விளம்பரம் போட்டு, வருமானம் வராதவற்றை எல்லாம் ஒரு காசு செலவில்லாமல் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. ‘ருசி பார்ப்பது’ என்றே இந்த வியாபாரத்துக்குப் பெயர் வந்தது. அளவுக்கு மீறித் திருப்பிக் கொடுக்கப்படும் பெயருக்குக் கட்டணம் என்று ஐகேன் 2008-இல் விதி கொண்டுவந்து, அடுத்த ஆண்டு அதை மேலும் கடுமையாக்கியது. அப்படித் திருப்பப்படும் பெயர்களின் எண்ணிக்கை 2008 ஜூனுக்கும் 2009 ஏப்ரலுக்கும் இடையில் 99.7 விழுக்காடு குறைந்தது. கூட்டத்தில் பேசிப் பேசித் தீராதது ஒரு சிறு கட்டணத்தில் தீர்ந்தது.

ஆகவே இன்று ஒருவர் தேடிய பெயரை உடனே கவ்விக்கொள்வது லாபமான தொழில் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஓராண்டுப் பணம் கட்டியாக வேண்டும். அப்படியானால் பெயர் எப்படிப் போகிறது? பல நேரம் உண்மையிலேயே இன்னொருவருக்கும் அதே பெயர் தோன்றியிருக்கும். ‘ஸ்ரீ’, ‘அன்னை’, ‘லட்சுமி’, ‘முருகன்’ என்று தொடங்கும் கடைப் பெயர்கள் பந்திங்கிலும் உண்டு, பாரிட் புந்தாரிலும் உண்டு, மதுரையிலும் உண்டு, டர்பனிலும் உண்டு. டாட் காம் உலகம் முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான்.

இன்னொரு காரணம் நம் வாய்தான். பெயர் முடிவானதும் முகநூலில் போட்டுவிடுகிறோம். வாட்ஸ்அப் குழுவில் நூற்றைம்பது பேருக்கு அனுப்பி ‘நல்லா இருக்கா?’ என்று கருத்துக் கேட்கிறோம். அந்தக் குழுவில் எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கலாம், ஆனால் செய்தி அந்தக் குழுவோடு நிற்பதில்லை.

தேடும் அன்றே பதிந்துவிடுவதுதான் நடைமுறையில் பாதுகாப்பு. சாதாரண டாட் காம் பெயருக்கு ஓராண்டுக் கட்டணம் பெரும்பாலும் ஐம்பது முதல் எண்பது ரிங்கிட் அளவில்தான் இருக்கும். செயலவை ஒப்புக்கொள்ளாவிட்டால் போவது அந்தத் தொகை மட்டுமே. முதலாண்டு ஐந்து ரிங்கிட் என்று விளம்பரம் செய்பவர்களிடம் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதை அவர்கள் சிறிய எழுத்தில்தான் போட்டிருப்பார்கள்.

தேதி தவறியதால் போன பெயர்கள்

புதுப்பெயர் கிடைக்காமல் போவது ஏமாற்றம்தான். பத்தாண்டு பயன்படுத்திய பெயர் போவதோ நட்டம். அது நடப்பது ஒரு தேதியால்.

டாட் காம் பெயரின் தவணை முடிந்த அன்றே அது காலியாகிவிடுவதில்லை. முதலில் அதிகபட்சம் 45 நாள் வரை ஒரு சலுகைக் காலம் உண்டு. எத்தனை நாள் என்பதைப் பதிவு நிறுவனமே முடிவு செய்கிறது. இந்தக் காலத்தில் தளம் நின்றுபோகும், மின்னஞ்சல் வராது. வழக்கமான கட்டணத்தில் புதுப்பித்துவிடலாம் என்பதே பொது நடைமுறை. ஆனால் சில நிறுவனங்கள் இந்தக் காலத்திலேயே பெயரை ஏலம் விட்டுவிடுவதும் உண்டு, ஒப்பந்தத்தில் அதற்கு நாம் ஏற்கெனவே சம்மதித்திருப்போம். அடுத்து 30 நாள் மீட்புக் காலம். இப்போது மீட்க வேண்டுமானால் அபராதத்தோடு முன்னூறு ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம். அதன் பிறகு 5 நாள் எவராலும் எதுவும் செய்ய முடியாது. ஆறாம் நாள் பெயர் பொதுவில் விழுகிறது.

அது விழும் நேரம் மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி பெரும்பாலும் பின்னிரவு. ‘எழுந்து உட்கார்ந்து பிடித்துவிடலாம்’ என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவார்கள். விழும் பெயர்களைப் பிடிப்பதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் கணினிகள் ஒரு விநாடிக்குள் பலமுறை விண்ணப்பிக்கும். பழைய தளத்துக்கு வேறு தளங்களிலிருந்து இணைப்புகள் இருக்கும், கூகல் தேடலில் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும் என்பதால் அவர்களுக்கு அந்தப் பெயர் காசு.

அவ்வாறு பிடித்தவர்கள் அதில் என்ன வைப்பார்கள் என்பதுதான் இங்கே வலிக்கும் இடம். திருவிழா நிரலும் நன்கொடைக் கணக்கும் இருந்த பக்கத்தில் இணையச் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும். அழைப்பிதழிலும் ஆண்டு மலரிலும் அச்சான முகவரி அதே முகவரிதான். பிள்ளைகள் அதைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பெயர் யாரிடம் போகிறதோ அவருக்கு அந்தப் பெயரில் முடியும் மின்னஞ்சல்களும் போகத் தொடங்கும். வங்கிக் கணக்கு, முகநூல் பக்கம் ஆகியவை அந்த மின்னஞ்சலில் பதிந்திருந்தால், ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்துவதற்கு அவருக்கு வழி பிறந்துவிடுகிறது.

பெரிய இடங்களிலும் இது நடக்கத்தான் செய்கிறது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயருக்கு 35 டாலர் கட்ட மறந்ததால் ஹாட்மெயில் பயனர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். மைக்கேல் சேனி என்ற அமெரிக்க நிரலாளர் தம் அட்டையில் அந்த 35 டாலரைக் கட்டிவிட, தளம் மீண்டும் ஓடியது. 2015 செப்டம்பரில் குஜராத்தின் கச்சு வட்டாரத்தைச் சேர்ந்த சன்மய் வேத், கூகல் டாட் காம் என்ற பெயரே விற்பனைக்கு இருப்பதாகத் திரையில் கண்டு 12 டாலருக்கு வாங்கினார். சுமார் ஒரு நிமிடம் அது அவர் பெயரில் இருந்தது. கூகல் அவருக்கு 6,006.13 டாலர் பரிசளித்தது. அந்த எண்ணைச் சற்றுச் சாய்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் கூகல் என்று வரும். அவர் அதை அறப்பணிக்குக் கொடுக்கச் சொன்னதால் தொகையை இரட்டிப்பாக்கினார்கள்.

நமக்கு அந்த ஒரு நிமிட அதிர்ஷ்டம் கிடைக்காது. தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டுவைத்தாலும், வங்கி அட்டை காலாவதியாகி மாறியிருந்தால் அது வேலை செய்யாது. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். மூன்று, ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டுவது மேல்.

பெயர் யார் பெயரில் இருக்கிறது?

தோட்டத்துக் கோயில்கள் பலவற்றுக்கு நேர்ந்தது தெரிந்ததே. தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட கோயில், ஆனால் நிலம் கோயிலின் பெயரில் இல்லை. தோட்டம் கைமாறியபோதுதான் அது தெரியவந்தது. டொமைன் விஷயத்திலும் அதே தவறு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

சங்கத்துக்கு அகப்பக்கம் வேண்டும் என்று முடிவாகும். கணினி தெரிந்த ஒரு தம்பி, அல்லது தலைவரின் மருமகன், அல்லது பட்டணத்தில் கடை வைத்திருக்கும் வடிவமைப்பாளர் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். தம் மின்னஞ்சலில், தம் அட்டையில், தம் பெயரில் பதிந்துவிடுவார். கெட்ட எண்ணம் ஏதும் இருக்காது, அது அவருக்குச் சுலபம், அவ்வளவுதான். நான்கு ஆண்டு கழித்து அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். அல்லது தேர்தலில் எதிரணிக்குப் போய்விடுவார். நினைவூட்டு மின்னஞ்சல்கள் எல்லாம் அவர் திறந்து பார்க்காத பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். சட்டத்தின் பார்வையில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பதிவாளர். ‘சங்கப் பணத்தில்தானே கட்டினோம்’ என்பதை ரசீதோடு நிறுவ வேண்டியது சங்கத்தின் பொறுப்பு.

பதிவில் நான்கு இடங்களைப் பார்த்துக்கொண்டால் போதும். பதிவாளர் என்ற இடத்தில் சங்கத்தின் பெயர் அதன் பதிவு எண்ணோடு இருக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரி தனிநபருடையதாக இல்லாமல் ‘செயலாளர்’ என்ற பதவிக்கு உரியதாக இருக்க வேண்டும். அதுவும் அதே டொமைனில் முடியும் மின்னஞ்சலாக இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் மின்னஞ்சலும் நின்றுவிடும், வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதையாகிவிடும். நிறுவனக் கணக்கின் கடவுச்சொல் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். முடிவுத் தேதி சங்கத்தின் சொத்துப் பட்டியலில், நாற்காலிக்கும் ஒலிபெருக்கிக்கும் பக்கத்தில், எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் புதிய செயலவை பொறுப்பேற்கும்போது வங்கிக் கையெழுத்தை மாற்றுகிறோம், இதையும் அன்றே மாற்றிவிடலாம்.

இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க ஐகேனின் தேடல் பக்கமும் மைனிக், எஸ்ஜிநிக் தேடல் பக்கங்களும் உண்டு. 2018-இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு டாட் காம் பெயர்களுக்குப் பதிவாளரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். பதிவு நிறுவனமும் முடிவுத் தேதியும் மட்டும் தெரியும். தேதி தெரிவதே பாதி வேலை.

டாட் மையும் டாட் எஸ்ஜியும்

டாட் காம் பெயரை உலகில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். டாட் காம் டாட் மை அப்படியல்ல. மலேசியாவில் பதிந்த வணிகம் என்பதற்கான சான்று வேண்டும். டாட் ஓஆர்ஜி டாட் மை சங்கம், அமைப்பு போன்றவற்றுக்கு உரியது. சிங்கப்பூரில் டாட் காம் டாட் எஸ்ஜி பெயருக்கும் வணிகப் பதிவு தேவை. அதோடு டாட் எஸ்ஜி பெயர்களுக்குச் சிங்பாஸ் வழியாக அடையாளத்தை உறுதிப்படுத்தும் முறையும் இருக்கிறது. குறித்த நாளுக்குள் அதைச் செய்யாவிட்டால் பெயர் முடக்கப்படும். பதிந்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டு அந்த மின்னஞ்சலைக் கவனிக்காமல் விடுபவர்கள் உண்டு.

இந்தக் கெடுபிடி சிலருக்கு எரிச்சல் தரும். ஆனால் உள்ளூர்க் கடைக்கும் உள்ளூர்ச் சங்கத்துக்கும் இதுவே வேலி. வெளிநாட்டுப் பெயர் வியாபாரிகள் மொத்தமாக அள்ளிக்கொள்ள முடியாது. டாட் காம் போய்விட்டதே என்று வருந்துபவர்கள் பலருக்கு டாட் காம் டாட் மை இன்னும் காலியாக இருக்கக் காரணம் இதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் கடைப் பெயரைப் பதிந்துவிட்டால் டொமைனும் தமக்கே என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி ஏதும் இல்லை. எஸ்.எஸ்.எம். பதிவு வேறு, மைஐபிஓ-வில் வணிக முத்திரைப் பதிவு வேறு, டொமைன் வேறு. மூன்றும் தனித்தனிக் கதவுகள், தனித்தனிக் கட்டணங்கள். எந்த வரிசையில் போவது என்று கேட்டால், பெயரை மூன்றிலும் ஒரே நாளில் தேடிவிட்டு, டாட் காமை அன்றே பதிந்துவிடுவது நல்லது. எஸ்.எஸ்.எம். சான்றிதழ் கிடைத்ததும் டாட் காம் டாட் மைக்குப் போகலாம்.

ஒரே பெயருக்கு ஏழு எழுத்துக்கூட்டல்

தமிழருக்கு உள்ள ஒரு சிக்கலும் இதில் உண்டு. டொமைனில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டுமே சாதாரணமாக அனுமதி. ஒரு பகுதிக்கு 63 எழுத்து வரை போகலாம். நம் பெயர்களை அந்த எழுத்துகளில் எழுத ஒரே வழி கிடையாது. ஒரே வீட்டில் அண்ணன், தம்பி பிறப்புப் பத்திரங்களில் அப்பா பெயரே வேறு வேறு மாதிரி எழுதப்பட்டிருப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

‘மாரியம்மன்’ என்றால் தொடக்கத்தில் ஒரு ‘ஏ’யா, இரண்டா? நடுவில் ‘ஐ’ மட்டுமா, ‘ஐ-ஒய்’ சேர்த்தா? ‘திரு’வுக்கு ‘எச்’ உண்டா, இல்லையா? ‘சுப்பிரமணியர்’ என்பதில் ‘பி’ எந்தப் ‘பி’? ‘ழ’ வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். ‘எல்’ போடுபவர் உண்டு, ‘இசட்-எச்’ போடுபவர் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லையே இரண்டு விதமாகவும் எழுதுகிறோம். ஒரு எழுத்துக்கூட்டலைப் பதிந்துவிட்டு நிம்மதியாக இருந்தால், இன்னொன்றை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். வானொலியில் விளம்பரம் கேட்டவர் தம் வழக்கப்படி தட்டி அங்கே போய்ச் சேர்வார்.

எல்லா வடிவத்தையும் வாங்க வேண்டியதில்லை, அது வீண் செலவு. பத்துப் பேரிடம் பெயரை வாயால் சொல்லி, தாளில் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் போதும். அதிகம் வரும் இரண்டு வடிவங்களை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பிவிடலாம். எவரும் சரியாக எழுதாத பெயர் என்றால், ஊர்ப் பெயரைச் சேர்த்து எளிய பெயராக மாற்றிக்கொள்வது மேல். ஊர்ப் பெயர் சேர்வதில் இன்னொரு நன்மை, அந்தப் பெயருக்கு டர்பனிலிருந்து போட்டி வராது.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வைத்துக்கொள்ளவும் முடியும். இதில் இந்த வட்டாரத்துக்குத் தனிப் பெருமை உண்டு. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் டொமைன் என்ற முயற்சிக்கு 1998 வாக்கில் வேலை நடந்த இடங்களில் முக்கியமானது சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம், டான் டின் வீ தலைமையில். அதற்கு முன்பே தமிழை இணையத்தில் ஏற்ற அங்கே உழைத்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. இன்று ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’, ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரிகள் உலகப் பதிவேட்டில் உள்ளன. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் ஒன்று உண்டு, தமிழில் இல்லை. ஆனால் தமிழ்ப் பெயரைக் கணினி உள்ளுக்குள் ‘எக்ஸ்-என்’ என்று தொடங்கும் புரியாத ஆங்கில எழுத்துத் தொடராக மாற்றிக்கொள்கிறது. சில செயலிகளில் பகிரும்போது அந்தத் தொடரே வெளியே தெரியும். மின்னஞ்சலும் எல்லா இடத்திலும் ஓடாது. இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளத் தகும், ஒரே முகவரியாக வைத்துக்கொள்ள இன்னும் காலம் வரவில்லை.

போனது திரும்புமா?

நான்கு வழிகள் உண்டு. முதலாவது காத்திருப்பது. முடிவுத் தேதியைப் பார்த்து, பிடித்துத் தரும் நிறுவனத்திடம் முன்பதிவு செய்யலாம். பலரும் பயன்படுத்தாமல் வைத்திருந்து ஓராண்டில் விட்டுவிடுவார்கள். இரண்டாவது விலைக்குக் கேட்பது. அப்போது சங்கத்தின் பெயரில், கும்பாபிஷேகத் தேதியையும் குறிப்பிட்டு எழுதக் கூடாது. அவசரம் தெரிந்தால் விலை ஏறும். பணத்தை நேரே அனுப்பாமல், பெயர் கைமாறும் வரை தொகையைப் பிடித்துவைக்கும் இடைநிலைச் சேவை வழியாகவே கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வழக்காடு முறை. டாட் காமுக்கு 1999-இல் ஐகேன் வகுத்த பூசல் தீர்வு முறை உண்டு. பெயர் நம் வணிக முத்திரையோடு ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தில் பதிந்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் நிறுவ வேண்டும். உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரே நடுவரோடு வழக்குப் போட 1,500 அமெரிக்க டாலர். மலேசியப் பெயர்களுக்கான முறை கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மன்றத்தில் நடக்கிறது. அங்கே கெட்ட நோக்கத்தில் பதிந்தார் அல்லது பயன்படுத்தினார் என்று ஒன்றை நிறுவினாலும் போதும். சிங்கப்பூருக்கும் தனி முறை உண்டு. முத்திரை உரிமையே இல்லாதவர், ‘நான் நினைத்து வைத்திருந்த பெயர்’ என்று சொல்லிக்கொண்டு இங்கே வர முடியாது.

பணமும் பெயரும் பெரிதாக இருந்தால் வெற்றி நிச்சயம் என்றும் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் கணினிக் கடை வைத்திருந்த ஊசி நிசான் என்பவர் 1994-இல் தம் குடும்பப் பெயரில் டாட் காம் பதிந்தார். 1999-இல் ஜப்பானியக் கார் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார், பெரும் பணம் செலவழித்தார், பெயர் அவரிடமே நின்றது. 2020-இல் அவர் இறக்கும்போதும் அது அவருடையதுதான். அது அவருடைய குடும்பப் பெயர்.

நான்காவது வழி, வேறு பெயர். அழைப்பிதழ் அச்சாகும் முன் தெரிந்தால் இதுவே மலிவு. இடைக்கோடு போட்டு அதே பெயரை எடுப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். சொல்லும்போது யாரும் இடைக்கோட்டைச் சொல்வதில்லை, வாடிக்கையாளர் நேரே மற்றவர் பக்கத்துக்குப் போவார்.

பதிந்த பிறகு வரும் கடிதங்களைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ‘உங்கள் பெயரை இன்னொரு நிறுவனம் சீனாவில் பதியக் கேட்டிருக்கிறது, உரிமை உங்களுடையது என்பதால் முதலில் உங்களைக் கேட்கிறோம், ஐந்து நாளில் பதில் தேவை’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். அப்படிக் கேட்டவர் யாரும் இருக்கமாட்டார். அவசரப்பட்டுத் தேவையில்லாத நான்கைந்து பெயரை வாங்க வைக்கும் தந்திரம் அது. இன்னொன்று அஞ்சலில் வரும் ரசீது. புதுப்பிப்புக் கட்டணம் போலவே இருக்கும், ஆனால் அனுப்பியவர் நம் பதிவு நிறுவனம் அல்ல. கட்டினால் பெயர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடும், அல்லது பெயருக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு சேவைக்குப் பணம் போகும். எந்த ரசீது வந்தாலும், முதலில் பதிந்த நிறுவனத்தின் கணக்குக்குள் நேரே நுழைந்து தேதியையும் தொகையையும் பார்த்த பிறகே பொருளாளர் காசோலையில் கையெழுத்திட வேண்டும்.